வீட்டில் தையல் தொழில் தொடங்கப் போகிறீர்களா? மிஷினை முதலில் வாங்காதீர்கள்

எங்கள் வீடு மதுரையில், முதல் மாடி, வாடகை. ஹாலை ஒட்டிப் பத்துக்கு எட்டடியில் ஓர் அறை உண்டு. கொலுப் பெட்டி, பழைய மெத்தை, உபயோகமில்லாத சைக்கிள் எல்லாம் அங்கேதான் கிடக்கும். அதைத் தையல் அறையாக மாற்ற நினைத்து நான் செய்த முதல் காரியம், தையல் கம்பெனிகளில் ஓடுகிற பெரிய பவர் மிஷின் வாங்கியது. வாசலில் ஆட்டோவில் வந்து இறங்கியது. மாடிப்படி திரும்புகிற இடத்தில் மேசைப் பலகை சுவரில் முட்டி நின்றுவிட்டது. ஸ்டாண்டைக் கழற்றி, மூன்று பேர் பிடித்து மேலே ஏற்றினோம். உள்ளே வைத்தால் கதவு பாதிதான் திறந்தது. வைத்த சுவரில் ப்ளக் இல்லை. துணி வெட்ட இடமில்லாமல் தரையில் முட்டி போட்டு வெட்டினேன், இடுப்பு போயிற்று.

முதல் ப்ளவுஸை உருப்படியாகத் தைத்துக் கொடுக்க நாலு மாதம் ஆனது. வரிசை மாறாமல் செய்திருந்தால் இரண்டு சனி ஞாயிறில் முடிகிற வேலை. அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். தையல் வகுப்பு முடித்து, வீட்டிலிருந்தே ப்ளவுஸ், சுடிதார், ஆல்டரேஷன் வேலை எடுக்க நினைப்பவர்களுக்கு இது. தைப்பது எப்படி என்று இதில் எதுவும் இல்லை.

1. டேப்பை எடுத்து வீட்டை அளங்கள்

அறையை மட்டும் அளந்தால் போதாது. வாசல் கதவின் அகலம், மாடிப்படி திரும்பும் இடம், அறைக் கதவு உள்ளே திறக்கும் வட்டம், பீரோ கதவு திறக்கத் தேவையான இடம் எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பவர் மிஷின் மேசை ஏறக்குறைய நாலடி நீளம், இருபது இன்ச் அகலம். வீட்டு மிஷின் மேசை அதைவிடச் சிறியது. எதுவானாலும் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்திருக்க இன்னும் இரண்டரை அடி வேண்டும். இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

ஒரு சுலபமான வழி இருக்கிறது. மிஷின், வெட்டும் மேசை, அலமாரி ஒவ்வொன்றின் அளவுக்கும் பழைய செய்தித்தாளை வெட்டித் தரையில் ஒட்டிவிடுங்கள். இரண்டு நாள் அப்படியே விட்டு, அதைச் சுற்றியே நடந்து பழகுங்கள். துணி காயப்போடப் போகிறவர் எத்தனை முறை அந்தத் தாளை மிதிக்கிறார் என்று பாருங்கள். எங்கள் வீட்டில் முதல் நாளே மூன்று இடத்தில் தாள் கிழிந்தது, மேசை இருக்கவேண்டிய மூலை தானாக முடிவாகிவிட்டது.

தனி அறை இல்லையென்றால் ஹால் மூலை போதும். சமையலறைப் பக்கம் மட்டும் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், தாளிப்பு வாசனை பட்டில் ஏறினால் துவைக்காமல் போகாது. பட்டை அப்படி நினைத்தபோது துவைக்கவும் முடியாது. பால்கனியும் வேண்டாம். வெயிலில் நிறம் வெளுக்கும், மழைச் சாரல் அடிக்கும்.

அளவு கொடுக்க வருபவர் உங்கள் படுக்கையறையைத் தாண்டி உள்ளே வரவேண்டி இருக்கக் கூடாது. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மூலையைப் பிடித்து, கம்பி கட்டித் திரை போட்டு, ஆளுயரக் கண்ணாடி ஒன்று மாட்டிவிட்டால் போட்டுப் பார்க்கவும் வசதி.

வாடகை வீட்டுக்காரர்கள் இன்னொன்றும் செய்யவேண்டும். சுவரில் ஆணி அடிப்பதற்கு முன், மிஷின் சத்தம் வருவதற்கு முன், ஹவுஸ் ஓனரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். அவருக்குக் கீழ்வீட்டார் மூலம் தெரியவந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். அனுபவித்துத்தான் சொல்கிறேன்.

2. வெளிச்சம்

ஜன்னல் உங்கள் இடது பக்கம் வருகிற மாதிரி மிஷினைப் போடுங்கள். வலது கைப் பழக்கம் உள்ளவர்களுக்குக் கை நிழல் ஊசிமேல் விழாது. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் உங்கள் நிழலிலேயே தைத்துக்கொண்டிருப்பீர்கள்.

மேலே நாலடி எல்.இ.டி. பட்டி லைட் ஒன்று, 20 வாட், வெள்ளை வெளிச்சம். மஞ்சள் வெளிச்சத்தில் நூல் நிறம் பொருத்தினால் காலையில் அழுகை வரும். ராணி கலருக்கும் அரக்குக்கும் வித்தியாசமே தெரியாது. அப்புறம் மிஷின் தலையில், அதாவது ஊசி ஓடும் மேல் பாகத்தில், காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வளைகிற சின்ன லைட் ஒன்று கிடைக்கிறது. கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் தைக்கும்போது அது இல்லாமல் முடியாது. இரண்டுக்கும் சேர்த்து எனக்கு 700 ரூபாய் ஆனது.

மின்விசிறிக்கு நேர் கீழே வெட்டும் மேசை வரக் கூடாது. ஜார்ஜெட்டை விரித்து, மடித்து, சாக்பீஸால் கோடு போட்டு முடிக்கும் நேரத்தில் அது பறந்து போய்க் கட்டிலில் உட்காரும். மதுரை வெயிலில் மின்விசிறியை நிறுத்திவிட்டு வெட்டு என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஸ்டாண்ட் ஃபேனை முதுகுக்குப் பின்னால், இடுப்பு உயரத்தில் வையுங்கள்.

3. ப்ளக்கும் கரண்ட் பில்லும்

மிஷினுக்கு ஒன்று, அயர்ன் பாக்ஸுக்கு ஒன்று, லைட்டுக்கு ஒன்று என மூன்று ப்ளக் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி எல்லாவற்றையும் அதில் சொருகாதீர்கள். அயர்ன் பாக்ஸ் 1000 வாட் இழுக்கும். விலை மலிவான பாக்ஸின் ஒயர் சூடேறி நாற்றம் வரும், எனக்கு வந்தது. எலெக்ட்ரீஷியனை அழைத்து மேசை உயரத்துக்குச் சற்று மேலே இரண்டு புது பாயின்ட் எடுத்ததில் ஒயர், கூலி சேர்த்து 1,400 ரூபாய். ஒயர் நடைபாதையைக் கடக்காமல் சுவரோடு போகட்டும். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் இது கட்டாயம்.

பில் எவ்வளவு ஏறும் என்பதுதான் வீட்டில் முதலில் எழும் கேள்வி. கணக்கைப் போட்டுக் காட்டிவிடுங்கள். அயர்ன் பாக்ஸ் ஒரு மணி நேரம் விடாமல் ஓடினால் ஒரு யூனிட். தினம் அரை மணி என்றால் இரண்டு மாதத்தில் 30 யூனிட், சூடேறியதும் தானாக நின்று நின்று ஓடுவதால் அதற்கும் குறைவுதான். 20 வாட் லைட் தினம் ஆறு மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு ஏழு யூனிட் சொச்சம். எனக்கு மிஷினும் சேர்த்து 50, 55 யூனிட் கூடியது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் யூனிட் இலவசம் என்பது தெரிந்ததுதான். கவனிக்கவேண்டியது 500 யூனிட். ஏ.சி., வாஷிங் மிஷின் எல்லாம் சேர்ந்து ஏற்கெனவே 480 வரை போகிற வீடு என்றால், இந்த 50 யூனிட் உங்களை அடுத்த ஸ்லாபுக்கு, அதாவது கூடுதல் கட்டணப் படிக்குத் தள்ளி மொத்த பில்லையும் ஏற்றிவிடும்.

வெளியே பெயர்ப் பலகை மாட்டி, ஆள் வைத்து, கடை மாதிரி நடத்தத் தொடங்கினால் வீட்டுக் கட்டணத்திலேயே போக முடியுமா என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஆய்வுக்கு வந்து அபராதம் போட்டால் வாதாடிப் பயனில்லை.

4. வெட்டும் மேசை: இதற்குத்தான் காசு செலவழிக்கவேண்டும்

தையலில் பாதி நேரம் மிஷினில் போவதில்லை. விரிப்பது, அளப்பது, கோடு போடுவது, வெட்டுவது, அயர்ன் செய்வது எல்லாம் மேசையில்தான். நான் மிஷினுக்குக் காசு கொட்டிவிட்டுத் தரையில் வெட்டிக்கொண்டிருந்தேன். குனிந்து வெட்டும்போது அடியில் உள்ள மடிப்பு நகர்வது கண்ணுக்குத் தெரியாது. ஒரு கை அரை இன்ச் சின்னதாக வரும்.

புது மேசை செய்யக் கொடுத்தால் ப்ளைவுட், கூலி என்று எகிறிவிடும். பழைய மரக்கடைக்குப் போங்கள். வீடு இடித்த இடத்துக் கதவுகள் அங்கே சாத்திவைக்கப்பட்டிருக்கும். எந்த வேலைப்பாடும் இல்லாத வழுவழுப்பான ஃப்ளஷ் கதவு ஒன்றைத் தேடுங்கள். ஆறரை அடிக்கு இரண்டரை அடி கதவு எனக்கு 1,100 ரூபாய்க்குக் கிடைத்தது. வாங்கும் முன் ஒரு ஓரத்தில் கண்ணை வைத்து நீளவாக்கில் பாருங்கள், வளைந்திருந்தால் வேண்டாம். விரலால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே கரையான் தின்றிருக்கும். தாழ்ப்பாள் ஓட்டையை எம்-சீல் வைத்து அடைத்துத் தேய்த்துவிடலாம்.

கால்களுக்கு வெல்டிங் பட்டறையில் இரண்டு இரும்பு ஸ்டாண்ட் செய்யச் சொன்னேன், 1,900 ரூபாய். கதவு அதன்மேல் சும்மா உட்காரும், வீடு மாறும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம், சுவரில் ஓர் ஆணிகூட இல்லை.

உயரம்தான் முக்கியம். நேராக நின்று கையை மடக்கினால் கைமுட்டி எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதிலிருந்து மூன்று நான்கு இன்ச் கீழே மேசை. நான் ஐந்தடி இரண்டு அங்குலம், எனக்கு 35 இன்ச் சரியாக இருக்கிறது. சாப்பாட்டு மேசை 30 இன்ச்தான் இருக்கும், அதில் ஒரு மணி நேரம் வெட்டிப் பாருங்கள், புரியும். பட்டறைக்காரர் எல்லா மேசைக்கும் ஒரே உயரம் போடுவார். அளவை எழுதிக் கையில் கொடுங்கள்.

கதவின் மேல் பழைய கம்பளியை இரண்டாக மடித்துப் போட்டு, அதற்கு மேல் வெள்ளைக் காடாத் துணியை இழுத்து அடியில் ஸ்டேப்ளர் அடித்துவிட்டால் வெட்டவும் அயர்ன் செய்யவும் ஒரே இடம். ஓரத்தில் ஒரு இன்ச் டேப்பை நீளவாக்கில் ஒட்டிவைத்தால் துணி மீட்டர் கணக்கு அங்கேயே தெரிந்துவிடும். வெள்ளைக் காடாவைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் உண்டு. கறையோ அழுக்கோ பட்டால் வாடிக்கையாளர் துணியில் ஏறும் முன் உங்கள் கண்ணில் படும்.

மேசையின் நீளப் பக்கம் ஒன்றிலாவது நடந்துபோக இரண்டடி விடுங்கள். சுவரோடு ஒட்டிப் போட்டால் துணியைத் திருப்பித் திருப்பி வெட்டவேண்டி வரும்.

5. காகித வேலையை மிஷினுக்கு முன் முடியுங்கள்

நான் பண நஷ்டம் அடைந்த இடம் இதுதான். கடனோ மானியமோ வாங்கும் எண்ணம் துளி இருந்தாலும் மிஷினைக் கைக்காசில் வாங்கிவிடாதீர்கள். வங்கி கேட்பது கொட்டேஷன். கடையில் விலைப்புள்ளி வாங்கிக் கொடுத்தால், கடன் பாஸானதும் பணம் பெரும்பாலும் நேராகக் கடைக்காரர் கணக்குக்குப் போகும். "போன மாதமே வாங்கிவிட்டேன், பில் இருக்கிறது, மானியம் கொடுங்கள்" என்று நான் போய் நின்றேன். சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பினார்கள்.

முதலில் உதயம் பதிவு. மத்திய அரசின் சிறுதொழில் பதிவு இது, 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது. ஆதார், ஆதாரோடு இணைந்த மொபைல் எண், பான் கார்டு, வங்கிக் கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு, இவற்றை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் முடியும். என்ன தொழில் என்று கேட்கும் இடத்தில் தேசியத் தொழில் வகைப்பாட்டுக் குறியீடு 14105 என்று தேடுங்கள், அளவெடுத்துத் தைத்துக் கொடுக்கும் தையலுக்கு அதுதான். 14101 ஆயத்த ஆடை உற்பத்திக்கு உரியது, அவசரத்தில் அதைத் தட்டிவிடாதீர்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. இணையத்தில் உதயம் பதிவு என்று தேடினால் அரசுத் தளம் மாதிரியே தேசியக் கொடி நிறத்தில் தனியார் தளங்கள் முன்னால் வந்து நிற்கும். படிவமும் அதே மாதிரி இருக்கும், கடைசிப் பக்கத்தில் பணம் கேட்கும். நான் 999 ரூபாய் கட்டிய பிறகுதான் விழித்தேன். முகவரி 'ஜி.ஓ.வி. டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு ஆதார் எண்ணைப் போடுங்கள். பணம் கேட்டால் அங்கேயே மூடிவிடுங்கள்.

அடுத்து உதவித் திட்டங்கள். தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் உள்ள 25 தொழில்களில் தையலும் ஒன்று. 35 வயது ஆகியிருக்கவேண்டும். 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம், வட்டியில் 5 சதவீதம் வரை சலுகை என்று அறிவித்திருக்கிறார்கள். மாவட்டத் தொழில் மையம்தான் இதற்கான அலுவலகம். விண்ணப்பிக்கும் நாளில் என்ன நிலவரம் என்று அங்கேயே நேரில் கேளுங்கள். பக்கத்து வீட்டு அக்கா சொன்னதை வைத்து முடிவெடுக்கவேண்டாம்.

கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத் திறனாளிகள் போன்றோருக்குச் சமூக நலத்துறை இலவசத் தையல் மிஷின் கொடுக்கிறது. சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் உள்ள திட்டம். வருமானச் சான்று, வயதுச் சான்று, தையல் தெரியும் என்பதற்கான சான்று ஆகியவை வேண்டும். வருமானச் சான்று இ-சேவை மையம் வழியாக வாங்கவேண்டும், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று நகர்ந்து வர இரண்டு வாரமாவது கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தையல் சான்று இல்லாதவர்கள் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் விசாரிக்கலாம். பெண்களுக்கான தையல் பயிற்சி ஏறக்குறைய ஒரு மாதம், இலவசம், சாப்பாடும் உண்டு.

ஜி.எஸ்.டி. பற்றிப் பயப்படவேண்டாம். வீட்டில் தைத்துக் கொடுக்கும் நமக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பார்த்துக்கொள்ளலாம். தாண்டினால் எனக்கும் சொல்லுங்கள்.

6. சரி, இப்போது மிஷின்

வாரத்துக்கு நாலைந்து ப்ளவுஸ் என்றால் காலால் மிதிக்கும் மிஷினும் பக்கவாட்டில் மாட்டும் சின்ன மோட்டாரும் போதும். ஸ்டாண்ட், பலகையோடு 8,500, மோட்டார் 1,600 என்று என் தோழி வாங்கினாள். கரண்ட் போனால் பெல்ட்டை மாட்டிக் காலால் ஓட்டலாம். தினமும் நாலைந்து என்றால் பவர் மிஷின், நான் வாங்கியது 23,500. அதில் மோட்டார் தலைக்குள்ளேயே இருக்கும் வகை எடுங்கள். மேசைக்கு அடியில் தொங்கும் பழைய கிளட்ச் மோட்டார் நீங்கள் தைக்காதபோதும் உறுமிக்கொண்டே இருக்கும், கரண்டும் குடிக்கும், கீழ்வீட்டார் மேலே பார்ப்பார்கள். எந்த மிஷின் ஆனாலும் வாஷிங் மிஷினுக்கு விற்கிற ரப்பர் கால்களை அடியில் கொடுத்துவிடுங்கள், அதிர்வு பாதியாகும்.

கடையில் விலை கேட்கும்போது "தலைக்கா, செட்டுக்கா?" என்று கேளுங்கள். போனில் சொல்லும் விலை தலைக்கு மட்டும் இருக்கும். ஸ்டாண்ட், பலகை, மோட்டார் தனித்தனியாக ஏறும்.

ஓட்டிப் பார்க்க உங்கள் துணியை எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் கொடுக்கும் கஞ்சி போட்ட காட்டன் துண்டில் எந்த மிஷினும் அழகாகத் தைக்கும். காட்டனும் லைனிங்கும் சேர்ந்த ஒரு துண்டு, வழுக்குகிற சாட்டின் ஒரு துண்டு, நாலாக மடித்த பட்டி ஒன்று, மூன்றும் கையில் இருக்கட்டும். மேலே சிவப்பு நூல், அடிநூல் சுற்றும் பாபினில் வெள்ளை நூல் போட்டுத் தையுங்கள். மேலே வெள்ளைப் புள்ளி தெரியக் கூடாது, அடியில் சிவப்புப் புள்ளி தெரியக் கூடாது. டென்ஷன் திருகைத் திருப்பியும் சரியாகவில்லை என்றால் அடுத்த மிஷினைப் பாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா என்றால், வாங்கலாம், கூட ஒரு மெக்கானிக் வந்தால். திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிகளில் ஓடிய மிஷின்கள் பாதி விலைக்கு வருகின்றன. பெயின்ட் அடித்துப் புதுசு மாதிரி நிற்கும். ஊசிக் கம்பியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் உள்ளே தேய்ந்திருக்கிறது. உங்கள் ஏரியாவில் அந்த மாடலுக்குச் சர்வீஸ் செய்ய ஆள் உண்டா என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். பில்லில் மிஷின் எண் எழுதி வாங்குங்கள், வாரண்டிக்கும் வங்கிக்கும் அதுதான் ஆதாரம்.

எண்ணெய் விஷயம். தையல் மிஷின் எண்ணெய் மட்டும்தான். அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விட்டால் கொஞ்ச நாளில் உள்ளே பிசின் மாதிரி இறுகி மிஷின் கல்லாகிவிடும். எண்ணெய் போட்ட பிறகு கழிவுத் துணியில் ஐந்து நிமிடம் தைத்துவிட்டுத்தான் நல்ல துணியைத் தொடவேண்டும். நான் தொட்டேன். சந்தன நிறப் பட்டு ப்ளவுஸ், தோளுக்குச் சற்றுக் கீழே, மிளகளவு ஒரு சொட்டு. உடனே முகப் பவுடரை அப்பி, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் தட்டி, மறுபடி அப்பி, மூன்று முறையில் மங்கியது. அன்றிலிருந்து வேலை முடிந்ததும் ஊசிக்கு அடியில் ஒரு துண்டுத் துணியை வைத்துப் பிரஷர் ஃபுட்டை இறக்கிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கும்போதும் எண்ணெய்த் துளைகளை விட்டுத் தள்ளி வையுங்கள். குழைத்த சந்தனம் உள்ளே போய்க் காய்ந்தால் மெக்கானிக் உங்களை என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

7. சின்னச் சாமான்கள்

வீட்டு மிஷின் ஊசியின் மேல் தண்டில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், பவர் மிஷின் ஊசிக்கு முழுக்க உருண்டை. ஒன்று மற்றதற்குப் பொருந்தாது. பழைய ஊசியைக் கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள். பட்டுக்கும் சன்னத் துணிக்கும் 11, சாதாரண ப்ளவுஸுக்கு 14, ஜீன்ஸ் ஆல்டரேஷனுக்கு 16 அல்லது 18. துணியில் "டக் டக்" என்று சத்தம் வந்தால் ஊசி மழுங்கிவிட்டது.

பத்து இன்ச் கத்தரிக்கோல் ஒன்று துணிக்கு மட்டும். கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றிவிட்டு, அதைத் தொட்டால் வீட்டில் யாருக்கும் சாப்பாடு இல்லை என்று அறிவித்துவிடுங்கள். பால் பாக்கெட் வெட்டிய கத்தரி ஜார்ஜெட்டைக் கடிக்கும், வெட்டாது. சாணை பிடிக்கிறவர் தெருவில் வரும் நாளைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

குண்டூசி கீழே விழாமல் இருக்கவே இருக்காது. ரேடியோ ரிப்பேர் கடையில் பழைய ஸ்பீக்கர் காந்தம் கேட்டு வாங்கி, கயிறு கட்டி, தினமும் தரையில் ஒருமுறை இழுங்கள். நூல்கண்டுகளை ஒரு பலகையில் வரிசையாக ஆணி அடித்து மாட்டலாம், வெயில் படாத சுவரில். வெயில் பட்ட நூலைக் கையால் இழுத்தாலே அறுந்துவிடும். பாபின் இருபதாவது வேண்டும், ஒரே பாபினில் நிறம் மாற்றி மாற்றிச் சுற்றினால் நாள் அதிலேயே போய்விடும்.

மதுரையில் லைனிங், ஃபால்ஸ், ஹூக் எல்லாம் வாங்க விளக்குத்தூண் பக்கம் போனால் கிடைக்கும். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே புது மண்டபத்தில் இருந்த கடைகளைத் தேடி வருகிறவர்கள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போங்கள், அங்கே மாற்றிவிட்டார்கள். லைனிங்கை வாங்கியவுடன் வெட்டாதீர்கள். ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்து அயர்ன் செய்த பிறகு வெட்டுங்கள். இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே லைனிங் சுருங்கி ப்ளவுஸ் இழுத்துக்கொள்ளும். அதனால் உங்கள் தையல் இடத்துக்கு ஒரு வாளியும் ஒரு கொடியும் உண்டு என்று முதலிலேயே கணக்கில் வையுங்கள்.

கத்தரிக்கோல், ஊசி, நூல், பாபின், டேப், ஹூக், லைனிங் கொஞ்சம் என்று முதல் தடவை 2,800 ரூபாய் ஆனது. மேசைக்குத் துணியெல்லாம் சேர்த்து 3,350. எல்லாம் கூட்டினால் கால் மிஷினோடு 18,000 சொச்சம், பவர் மிஷினோடு 32,000க்குக் கொஞ்சம் குறைவு.

8. அடுத்தவர் துணி

உங்கள் துணி தொலைந்தால் உங்களோடு போயிற்று. அடுத்தவர் துணி அப்படி இல்லை. எனக்கு நடந்தது இது. ஒரு கல்யாண வீட்டில் அக்கா, தங்கை, நாத்தனார், அண்ணி என்று ஐந்து பேர், எல்லோருக்கும் ஒரே அரக்குச் சேலை. ஐந்து ப்ளவுஸ் பிட், ஐந்து அளவு ஜாக்கெட். மேசையில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வைத்தேன். ஓர் இரவு குழந்தை அழுதது, எழுந்து போய்விட்டு வந்து, அண்ணியின் அளவில் தங்கையின் கையை வைத்துத் தைத்துவிட்டேன். பிரிக்க ஒரு நாள் ஆனது.

இப்போது ஒருவருக்கு ஒரு மஞ்சப்பை. ஒரே வீட்டுக்காரர்கள் என்றாலும் தனித்தனிப் பை. துணி, லைனிங், அளவு ஜாக்கெட், ஃபால்ஸ், கொடுத்த லேஸ் எல்லாம் அதற்குள். பையின் காதில் அட்டை கட்டிப் பெயர், கொடுக்கவேண்டிய தேதி. நோட்டில் ஒரு பக்கம் ஒருவருக்கு. கழுத்து ஆழம், கை நீளம் இரண்டையும் அவர் முன்னாலேயே சொல்லிச் சொல்லி எழுதுவேன். ஓரத்தில் அந்தத் துணியிலேயே ஒரு விரல்கடை வெட்டி ஸ்டேப்ளர் அடித்துவிடுவேன். துணி வாங்கும்போதே விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, ஏற்கெனவே கறையோ கிழிசலோ இருந்தால் அவரிடம் காட்டி அதையும் எழுதிவிடுங்கள். அட்வான்ஸ் எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்பதும் அதே பக்கத்தில்.

வெட்டும் மேசைக்கு அடியில் கம்பி போட்டு அந்தப் பைகளைத் தேதி வரிசையில் தொங்கவிட்டிருக்கிறேன். இடது ஓரத்தில் தொங்குவது முதலில் தைக்கவேண்டியது. தரையில் வைத்தால் மழைக்காலத்தில் ஈரம் ஏறும், பாச்சையும் வரும். தைத்து முடித்தவை வேறு இடத்தில், மூடிய அலமாரியில், காய்ந்த வேப்பிலையோடு. பாச்சை உருண்டை போட்டால் அந்த வாசனை துணியில் நிற்கிறது, வாங்கிப் போகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

9. எந்த மாதத்தில் தொடங்குவது

ஆடியில் முகூர்த்தம் இல்லை, தையல்காரர்கள் கையில் கொஞ்சம் நேரம் இருக்கும், மெக்கானிக்கும் கூப்பிட்டால் வருவார். துணிக் கடைகளில் தள்ளுபடியும் அப்போதுதான். மேசை, லைட், ப்ளக் வேலையை ஆடியில் முடித்துவிட்டால் ஆவணி முகூர்த்தத்துக்கு இரண்டு மூன்று ப்ளவுஸ் தைத்துக் கை பழகிவிடும். உதயம் பதிவை அதற்கும் முன், ஆனியிலேயே போட்டுவிடுங்கள். கடன் விண்ணப்பம் நகர இரண்டு மூன்று மாதம் ஆகலாம், மிஷின் வரும் தேதியை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது புதிதாகத் தொடங்கவே வேண்டாம். அந்த நேரத்தில் ஊசி உடைந்தால்கூடக் கடையில் வரிசையில் நிற்கவேண்டும், மெக்கானிக் போனையே எடுக்கமாட்டார். தொடங்கியவர்களும் தீபாவளி ஆர்டரை எந்தத் தேதியோடு நிறுத்துவது என்று முடிவுசெய்து, அட்டையில் எழுதி, கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். வாயால் சொன்னால் "எனக்கு மட்டும் ஒண்ணே ஒண்ணு, ப்ளீஸ்" என்று கேட்பார்கள். அட்டையைப் பார்த்தால் தயங்கிக் கேட்பார்கள். போன வருஷம் நான் ஒட்டிய அட்டையைத் தாண்டியும் வந்தது ஒரே ஒரு ப்ளவுஸ்தான், அதுவும் என் மாமியாருடையது.